கொஞ்சம் மெதுவாகப் போங்கள், வண்டிக்காரரே

நண்பர்களே, வணக்கம்.

இன்று மாலை ஒரே ஒரு பாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பாடி முடிக்க மூன்று நிமிடம் ஆகும், அவ்வளவுதான். ஆனால் அமெரிக்காவின் கன்ட்ரி இசைக்காரர்கள் பலர் ஒரே மேடையில் கூடி நிற்கும் நாளில், கடைசிப் பாட்டு எது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இதுதான். அடக்க வீட்டிலும் பாடுவார்கள், கொண்டாட்டத்திலும் பாடுவார்கள்.

'வில் த சர்க்கிள் பீ அன்புரோக்கன்' என்பது தலைப்பு. 'வட்டம் உடையாமல் இருக்குமா' என்று வைத்துக்கொள்ளலாம். வட்டம் என்பது குடும்பம். குளிர்காலத்தில் கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அம்மா, அப்பா, பிள்ளைகள். அதில் ஒருவர் எழுந்து போய்விட்டால் வட்டத்தில் ஓர் இடைவெளி விழுகிறது. போனவரும் இருப்பவர்களும் மறுமையில் திரும்ப ஒன்றாக உட்காருவோமா என்பதுதான் பாட்டின் கேள்வி.

இந்தப் பாட்டை நான் முதலில் கேட்டபோது என் அம்மா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. தூக்கம் வராமல் ஏதோ பழைய இசைத்தட்டுப் பதிவுகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். சொற்கள் பாதிதான் புரிந்தன. ஒரு வரி வந்ததும் பதிவை நிறுத்திவிட்டேன். அந்த வரிக்கு அப்புறம் வருகிறேன். அதன் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்த இரவிலிருந்துதான்.

மலைக்காரர்களின் பாட்டு என்று பெயர் வாங்கிவிட்ட இது பிறந்த இடம் மலை அல்ல. எழுதியவர் லண்டன்காரர். ஆடா ரூத் ஹேபர்ஷன் என்பது அவர் பெயர். 1861-ல் பிறந்தவர், ஒரு மருத்துவரின் மகள். பெரிய பிரசங்கியான ஸ்பர்ஜனின் சபையில் வளர்ந்தவர். 1884-ல் அமெரிக்காவிலிருந்து மூடி, சாங்கி என்ற இரண்டு ஊழியக்காரர்கள் லண்டனுக்கு வந்தபோது அவர்களைச் சந்தித்தார். மூடி பேசுவார், சாங்கி பாடுவார். பிரசங்கத்துக்குச் சமமாகப் பாட்டையும் நிறுத்திய கூட்டங்கள் அவை. பின்னாளில் ஆடா அமெரிக்காவுக்கும் போய் வேதாகமத்தைப் பற்றி உரையாற்றியிருக்கிறார்.

1905-ல் டோரி, அலெக்சாண்டர் என்ற இன்னொரு ஜோடி லண்டனில் எழுப்புதல் கூட்டங்கள் நடத்தியது. ராயல் ஆல்பர்ட் ஹால் நிரம்பி வழிந்தது. பாட்டுக்குப் பொறுப்பாக இருந்த சார்லஸ் அலெக்சாண்டர், ஆடாவிடம் சில பாட்டுகள் எழுதித் தரும்படி கேட்டார். ஒரே வருடத்தில் ஏறக்குறைய 200 பாட்டுகள் கொடுத்தார் அந்த அம்மையார். 1907-ல் வெளிவந்த நம் பாட்டும் அலெக்சாண்டருக்காக எழுதியதுதான். மெட்டு போட்டவர் சார்லஸ் கேப்ரியல். அயோவா மாநிலத்துப் பண்ணையில் வளர்ந்தவர், வீட்டிலிருந்த சின்ன ஆர்மோனியத்தில் தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டவர்.

அந்த 1907 வடிவத்தைப் படித்துப் பார்த்தால் அது யார் குரல் என்று உடனே தெரிந்துவிடும். போதகரின் குரல். முன்னால் உட்கார்ந்திருக்கும் உங்களைப் பார்த்துப் பேசுகிறது. உனக்குப் பிரியமானவர்கள் மகிமையில் இருக்கிறார்கள், உன் காலம் முடிந்ததும் நீ அவர்களோடு போய்ச் சேருவாயா? சிறுவயதில் அவர்கள் கற்றுக்கொடுத்த பாட்டுகளை இன்னும் நேசிக்கிறாயா, இல்லை உலகப் பாட்டுகள் பிடித்துவிட்டனவா? கேள்விமேல் கேள்வி. மனந்திரும்பி எழுந்து முன்னே வரச்சொல்லும் கூட்டத்துக்கென்று எழுதியது, அதன் வேலையை நன்றாகவே செய்கிறது. கடைசிச் சரணத்தில் ஓர் இடம் உண்டு. ஒவ்வொன்றாக இருக்கைகள் காலியாயின, ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், பிரிந்துபோன குடும்பம் ஒருநாள் முழுமையாகுமா என்று கேட்கும். காலி இருக்கைகளை நேரில் பார்த்தவர்தான் அதை எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றும்.

பல்லவியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, வட்டம் உடையாமல் இருக்குமா? இரண்டு, வானத்தில் இதைவிட நல்ல வீடு காத்திருக்கிறதா? இந்த இரண்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மலைக்குப் போவோம்.

வர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் கிளின்ச் மலை என்று ஒரு நீளமான மலைத்தொடர். அதன் அடிவாரத்துப் பள்ளத்தாக்குக்குப் பெயரே 'ஏழைப் பள்ளத்தாக்கு'. அங்கே மேசஸ் ஸ்பிரிங் என்ற சிற்றூரில் ஆல்வின் பிளசன்ட் கார்ட்டர் என்பவர் இருந்தார். சுருக்கமாக ஏ.பி. என்பார்கள். 1891-ல் பிறந்தவர். மனைவி சாரா, ஆழமான கட்டைக் குரலில் பாடுவார், ஆட்டோஹார்ப் என்ற தந்திக் கருவியை வாசிப்பார். சாராவுக்குத் தங்கைமுறையான மேபெல், ஏ.பி.யின் தம்பி எஸ்ராவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு அதே வீட்டுக்கு மருமகளாக வந்தவர். மூன்று பேரும் சேர்ந்ததுதான் கார்ட்டர் குடும்பம்.

1927 ஆகஸ்டில் இவர்கள் ஒரு பழைய காரில் பிரிஸ்டல் நகரத்துக்குப் புறப்பட்டார்கள். தூரம் ஏறக்குறைய 25 மைல். சாலை சாலையாக இல்லை, டயர் வழியில் காலை வாரியது. மேபெலுக்கு அப்போது 18 வயது, நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. பிரிஸ்டலில் விக்டர் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் என்பவர், ஒரு தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்து உள்ளூர்ப் பாட்டுக்காரர்களைப் பதிவு செய்துகொண்டிருந்தார். பாட்டுக்கு 50 டாலர். கார்ட்டர் குடும்பம் இரண்டு நாளில் ஆறு பாட்டுகள் பதிவு செய்தது. கன்ட்ரி இசையின் வரலாற்றை அந்த இரண்டு வாரப் பதிவுகளிலிருந்துதான் பலரும் எழுதத் தொடங்குகிறார்கள்.

மேபெலின் விரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். கித்தாரில் கட்டை விரலால் கீழ்ச்சுருதித் தந்திகளில் பாட்டின் மெட்டை வாசிப்பார். அதே நேரத்தில் மற்ற விரலால் மேல் தந்திகளை வருடித் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். ஒரே ஆள், ஒரே கித்தார், ஆனால் இரண்டு பேர் வாசிப்பதுபோல் கேட்கும். அதுவரை கித்தார் பெரும்பாலும் பாடுகிறவருக்குப் பின்னால் துணைக்கு நின்ற கருவி. இந்தப் பெண்ணின் கட்டை விரல் அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது.

இசைத்தட்டுகள் விற்கத் தொடங்கியதும் கம்பெனிக்கு மேலும் மேலும் பாட்டுகள் வேண்டியிருந்தன. ஏ.பி. மலைமலையாக, வீடுவீடாக நடந்து பாட்டுச் சேகரித்தார். யாராவது ஒரு பாட்டி ஒரு சரணம் சொல்வார், வேறோர் ஊரில் இன்னொரு சரணம் கிடைக்கும். தேவாலயப் பாட்டுப் புத்தகங்களிலிருந்தும் எடுத்துக்கொள்வார். இந்த அலைச்சலில் அவருக்குத் துணையாக வந்தவர் லெஸ்லி ரிடில். டென்னசி மாநிலத்துக் கிங்ஸ்போர்ட்டில் இருந்த கறுப்பினக் கித்தார் கலைஞர். சிமென்ட் ஆலை விபத்து ஒன்றில் காலை இழந்தவர். ஏ.பி. சொற்களைக் காகிதத்தில் எழுதிக்கொள்வார், மெட்டு அவருக்கு நிற்காது. மெட்டை மனத்தில் வாங்கிக்கொண்டு வந்து சாராவுக்கும் மேபெலுக்கும் பாடிக் காட்டியவர் ரிடில்தான். 'அவருக்கு நான் டேப் ரெக்கார்டர் மாதிரி' என்ற பொருளில் அவரே பின்னாளில் சொன்னார். மேபெல் அவருடைய விரல் பழக்கத்தைப் பார்த்தும் கற்றுக்கொண்டார். ஆனால் கார்ட்டர் குடும்பத்து இசைத்தட்டுகளில் ரிடிலின் பெயர் கிடையாது. 1960-களில் மைக் சீகர் என்ற இசைக்கலைஞர் தேடிப்போய்ப் பேசிய பிறகுதான் வெளியுலகம் அவரை அறிந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும்.

ரிடிலை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கார்ட்டர் குடும்பம் பாடும் நம் பாட்டின் மெட்டு, கேப்ரியல் 1907-ல் போட்ட மெட்டு அல்ல. 1928-ல் சிகாகோவில் ஒரு கறுப்பினச் சபையார் 'என் பாரத்தை இறக்கி வைத்த நாளிலிருந்து' என்ற பொருளில் ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். கைதட்டலும் ஆர்ப்பரிப்புமாக இருக்கும். அதைப் போட்டுவிட்டு அடுத்து கார்ட்டர் குடும்பத்துப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். இரண்டு மெட்டுக்கும் ஒரே முகம். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் நடுவே சட்டம் சுவர் எழுப்பியிருந்த காலத்திலும் மெட்டுகள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்துகொண்டுதான் இருந்தன.

சரி, 1935 மே மாதம். நியூயார்க்கில் ஒலிப்பதிவு. மூன்று பேரும் இந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். பல்லவி ஆடா ஹேபர்ஷனுடையது. சரணங்கள் முழுக்கப் புதுசு. போதகர் காணாமல் போய்விட்டார். 'நீ' என்று யாரையும் பார்த்துப் பேசவில்லை. 'நான்' என்று தொடங்குகிறது.

குளிரும் மப்புமான ஒரு நாள். ஒருவர் சன்னலோரம் நிற்கிறார். சவ வண்டி உருண்டு வருகிறது, அம்மாவை எடுத்துப்போக. அவர் வண்டிக்காரரிடம் கேட்கிறார், தயவுசெய்து மெதுவாக ஓட்டுங்கள், நீங்கள் கொண்டு போகிறவரை அனுப்ப எனக்கு மனமில்லை. அப்புறம் வண்டிக்குப் பின்னாலேயே நடக்கிறார். தைரியமாக இருக்கப் பார்க்கிறார், குழியில் இறக்கும்போது முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பினால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது, அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் அழுகிறார்கள்.

நான் பதிவை நிறுத்திய இடம் அந்த 'மெதுவாக ஓட்டுங்கள்'. எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு வண்டி நின்றது. ஓட்டுநர் நல்ல மனிதர், அவருக்கு இன்னும் இரண்டு வீடு போக வேண்டியிருந்தது, கிளம்பலாமா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஐந்து நிமிடம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அந்த வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. வர்ஜீனியா மலைக்காரர் ஒருவருக்கு வந்திருக்கிறது.

இந்த வேண்டுகோளைக் கொஞ்சம் கவனியுங்கள். சாவைத் தள்ளிப்போடு என்று கடவுளிடம் கேட்கவில்லை. அம்மாவைத் திருப்பிக்கொடு என்றும் கேட்கவில்லை. வண்டியின் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார். ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் கேட்டு வாங்கக்கூடிய உதவி அது ஒன்றுதான். அதைத் தவிர வேறு எதையும் கேட்காததால்தான் நெஞ்சில் போய் நிற்கிறது.

இப்போது பல்லவிக்கு வருகிறேன். ஆடாவின் 'வில்' என்ற சொல்லைக் கார்ட்டர் குடும்பம் 'கேன்' என்று மாற்றிப் பாடியது. தமிழில் இந்த வித்தியாசம் நன்றாகவே விழும். வட்டம் உடையாமல் இருக்குமா என்பது நடக்கப்போவதைப் பற்றிய கேள்வி. வட்டம் உடையாமல் இருக்க முடியுமா என்பது வேறு. அப்படி ஒன்று சாத்தியந்தானா என்கிற தவிப்பு அதில் இருக்கிறது. இரண்டாவது மாற்றம் இன்னும் நுட்பமானது. நல்ல வீடு காத்திருக்கிறதா என்று ஆடா கேட்டார் அல்லவா? கார்ட்டர் குடும்பம் அதைக் கேட்கவில்லை. காத்திருக்கிறது என்றே பாடிவிட்டார்கள். ஆக, பரலோகத்தில் வீடு இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. அந்த வீட்டில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருப்போமா என்பதில்தான் சந்தேகம். விசுவாசம் முழுசாக இருக்கிறது, பயமும் முழுசாக இருக்கிறது. இரண்டும் ஒரே பல்லவியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இப்படி ஒரு மனநிலையை இதைவிட உண்மையாகச் சொன்ன பாட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த ஒலிவாங்கிக்கு முன் நின்றவர்களின் நிலை என்ன தெரியுமா? சாரா 1933 வாக்கிலேயே ஏ.பி.யின் வீட்டைவிட்டுப் போய்விட்டார். கணவர் பாட்டுத் தேடி வாரக்கணக்கில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தால் வீட்டில் பிள்ளைகளும் விறகும் வயலும் யார் தலையில் விழும்? அந்தத் தனிமையில் வேறொருவர்மேல் அன்பு வந்தது. பதிவு நடந்த அடுத்த வருடம், 1936-ல், சட்டப்படி மணமுறிவும் ஆகிவிட்டது. உடைந்துபோன வீட்டின் கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, வட்டம் உடையாமல் இருக்க முடியுமா என்று பாடியிருக்கிறார்கள். சாராவின் குரலில் அழுகையே கிடையாது, நேராக, கல் மாதிரி நிற்கும். ஏ.பி. அடிக்குரலில் இங்கே ஒரு சொல், அங்கே ஒரு சொல் என்று வந்து சேர்ந்துகொள்வார். அவர் எப்போது பாடுவார், எப்போது பாடாமல் விடுவார் என்று மற்ற இருவருக்குமே தெரியாதாம். குழு 1940-களில் கலைந்த பிறகு ஏ.பி. மேசஸ் ஸ்பிரிங்கில் ஒரு மளிகைக் கடை வைத்து உட்கார்ந்துவிட்டார். 1960-ல் இறந்தார்.

அவர்களோடு பாட்டு நிற்கவில்லை. சிகாகோவில் மிசிசிப்பியிலிருந்து குடியேறிய பாப்ஸ் ஸ்டேபிள்ஸ் என்ற தொழிலாளி இருந்தார். வேலை முடிந்து வந்த ஒரு மாலை தன் பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு குரலைப் பிரித்துக் கொடுத்துப் பாடச் சொன்னார். தன் உடன்பிறந்தவர்களோடு சின்ன வயதில் பாடிய குரல்கள் அவை. அவர் முதலில் கற்றுக்கொடுத்தது இந்தப் பாட்டுதான் என்று மகள் மேவிஸ் ஸ்டேபிள்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். 1948-ல் ஒரு தேவாலயத்தில் போய்ப் பாடினார்கள். மக்கள் திரும்பப் பாடச்சொல்லிக் கேட்டார்கள். ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்ற பெரிய குழுவும், பின்னால் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கத்தோடு நடந்த அந்தக் குரல்களும் இந்தப் பாட்டில் தொடங்கியவை.

1968-ல் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ், கார்ல் பெர்க்கின்ஸ் எழுதிய 'டாடி சாங் பேஸ்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். குடும்பமே சேர்ந்து பாடிய நாட்களை நினைக்கும் அந்தப் பாட்டு, நம் பல்லவியை எடுத்துக்கொண்டு பதிலும் சொல்லிவிடுகிறது, வட்டம் உடையாது என்று. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கும். ஆனால் கேள்வியாக இருந்தபோது இருந்த பாரம் அதில் இல்லை.

அப்புறம் 1971 ஆகஸ்ட், நாஷ்வில். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் உருவான நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்ற இளைஞர் குழு வந்தது. நீண்ட முடியும் தாடியுமாக இருபது சொச்சம் வயதுப் பையன்கள். வியட்நாம் போர் அந்த நாட்டில் அப்பாவையும் பிள்ளையையும் ஒரே மேசையில் சாப்பிட விடாத காலம். இந்தப் பையன்கள் பழைய தலைமுறைக் கலைஞர்களைத் தேடிப்போய், உங்களோடு சேர்ந்து வாசிக்க ஆசை என்று கேட்டார்கள். பில் மன்றோ மறுத்துவிட்டார். ராய் ஏகஃப் முதலில் தயங்கினார், வாசிப்பைக் கேட்ட பிறகு வந்து சேர்ந்தார். ஏர்ல் ஸ்க்ரக்ஸ், மெர்ல் டிராவிஸ், ஜிம்மி மார்ட்டின் எல்லோரும் வந்தார்கள். கண்பார்வை இல்லாத டாக் வாட்சனும் வந்தார். டாக் தன் மகனுக்கு மெர்ல் என்று பெயர் வைத்ததே டிராவிஸ்மேல் கொண்ட மதிப்பால். அந்த மெர்ல் டிராவிஸை டாக் வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தித்தது அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில்தான். அவர்கள் அறிமுகமாகிப் பேசிக்கொள்வதையும் சேர்த்துப் பதிவு செய்து தட்டில் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

62 வயது மேபெல் நடுவில் உட்கார்ந்து இந்தப் பாட்டைத் தொடங்குகிறார். அவர் குரலில் வயது தெரியும். பல்லவி வரும்போது அறையிலிருந்த எல்லோரும் சேர்ந்துகொள்கிறார்கள். அங்கே வட்டம் என்ற சொல்லுக்குப் பொருள் கொஞ்சம் அகன்றுவிட்டது. 1972-ல் மூன்று இசைத்தட்டுகளாக வந்த அந்தத் தொகுப்புக்கு இந்தப் பாட்டின் பெயர்தான். 'இசை ஒரு புது வட்டத்தை உண்டாக்குகிறது' என்று அட்டையிலேயே அச்சிட்டார்கள். தலைப்பில் ஆடாவின் 'வில்' திரும்பி வந்துவிட்டது, சரணங்கள் கார்ட்டர் குடும்பத்துடையவை. இன்று உலகம் பாடுவது இந்தக் கலப்பைத்தான். லண்டன் அம்மையாரின் கேள்வியும் மலைக்காரரின் அழுகையும் அப்படித்தான் ஒரே பாட்டில் தங்கின.

நாஷ்விலில் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் கட்டடத்தின் வட்டக் கூடத்தில், உட்சுவரைச் சுற்றி இந்தத் தலைப்பு பொறிக்கப்பட்டிருக்கிறது. கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி 1974-ல் ரைமன் அரங்கிலிருந்து புது இடத்துக்குப் போனபோது, பழைய மேடையிலிருந்து ஆறடி அகலத்துக்கு ஒரு வட்டமாகக் கருவாலிப் பலகையை வெட்டியெடுத்துப் புது மேடையின் நடுவில் பதித்தார்கள். 2010 வெள்ளத்தில் அந்த மேடையே மூழ்கியது. பலகையை மீட்டுத் திரும்பப் பதித்துவிட்டுத்தான் அரங்கைத் திறந்தார்கள். பயோஷாக் இன்ஃபினிட் என்ற கணினி விளையாட்டு 2013-ல் வந்தபோது, 1912-ல் நடக்கும் அதன் கதைக்குள்ளும் இந்தப் பாட்டு ஒலித்தது. கார்ட்டர் குடும்பத்தின் பெயரையே கேட்டிராத பிள்ளைகள் அதன் வழியாக வந்து சேர்ந்தார்கள்.

ஏ.பி.யும் சாராவும் பெற்ற மகள் ஜேனட். பாட்டை விட்டுவிடாதே என்று அப்பா கேட்டுக்கொண்டதற்காக, 1974-ல் அப்பாவின் மளிகைக் கடையிலேயே சனிக்கிழமைக் கச்சேரிகளைத் தொடங்கினார். இரண்டு வருடத்தில் பக்கத்திலேயே கார்ட்டர் ஃபோல்டு என்ற கொட்டகை எழுந்தது. மேபெலின் மகள் ஜூன், ஜானி கேஷின் மனைவி, 2003 மே மாதம் இறந்தார். ஜூலை 5-ஆம் தேதி கேஷ் அந்தக் கொட்டகைக்கு வந்தார். நடக்க முடியவில்லை, பிடித்துக்கொண்டு வந்து உட்காரவைத்தார்கள். ஜூனின் ஆவி இன்றிரவு என்மேல் கவிந்திருக்கிறது என்று எழுதி வைத்திருந்ததை வாசித்துவிட்டுப் பாடினார். அதுதான் அவர் பொதுமேடையில் கடைசியாகப் பாடியது. செப்டம்பரில் அவரும் போய்விட்டார்.

பேசியது போதும். 1935-ஆம் வருடப் பதிவைக் கொண்டுவந்திருக்கிறேன். பழைய தட்டு என்பதால் கீறல் சத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்பது மேபெலின் கித்தார். பிறகு சாரா சன்னலருகே நின்று தொடங்குவார். வண்டிக்காரரிடம் கேட்கும் இடத்தைத் தவறவிட்டுவிடாதீர்கள். விளக்குகளைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். தம்பி, போடலாம்.